டோரிஸை வெளியே கொண்டுவரக் கூடாது

பொது இடத்தில் சாப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பஸ்ஸில் சாண்ட்விச்சைப் பிரிக்கிறவர்கள், நடந்துகொண்டே ஐஸ்கிரீம் நக்குகிறவர்கள், இவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வீட்டில் செய்யவேண்டியதை வீட்டில் செய்ய வேண்டும். அதனால் அந்த பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தியதற்கு நன்றி, மேடம். டீ மட்டும் போதும்.

என் பெயர் ரேமண்ட் ஹாகெட். வயது அறுபத்தொன்று. மார்தோர்ப் நகரசபையில் வாகன நிறுத்தப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். "இங்கே நிறுத்த அனுமதி இல்லை" என்று ஜனங்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் வேலை. அதில் நான் கெட்டிக்காரன் என்று சொல்வார்கள். கல்யாணம் ஆகவில்லை, அதற்கு விண்ணப்பம் எதுவும் வந்து சேரவில்லை. வீட்டில் ஒன்பது பாம்புகள் இருக்கின்றன. எல்லாம் விஷமில்லாதவை, என்னைப் போல. இதைச் சொன்னால் முன்பெல்லாம் ஒருசிலர் சிரிப்பார்கள்.

மார்தோர்ப் ஊர்வன வளர்ப்போர் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாக நான் செயலாளர். உறுப்பினர்கள் பதினான்கு பேர். மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை சர்ச் ஹாலில் கூடுவோம். தலைவர் நைஜல் ஆஷ்பி ஆமை வளர்க்கிறவர். அவர் ஒரு முடிவெடுப்பதற்குள் நான் மினிட் புத்தகத்தில் தேதி, கிழமை, வந்தவர், வராதவர், ஜன்னல் திறந்திருந்ததா என்பது வரை எழுதிவிடுவேன். அந்தப் புத்தகங்கள் மொத்தம் ஏழு. அவற்றை இதுவரை யாரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டால் தருகிறேன்.

எங்கள் சங்கத்தில் ஒரே ஒரு சண்டைதான் எப்போதும் உண்டு. வளர்க்கிற பாம்பைப் பொது இடத்துக்குக் கொண்டுபோகலாமா, கூடாதா. கூடாது என்பது என் கட்சி. காரணங்கள் இருக்கின்றன. பாம்புக்கு வேடிக்கை காட்டத் தெரியாது, ஊர்வலம் பிடிக்காது. நம் வடகடல் காற்று அதற்கு ஆகாது. பயப்படுகிறவர்களுக்கு நடைபாதையில் நிம்மதியாக நடக்க உரிமை உண்டு. ஏதாவது ஒரு அசம்பாவிதம் நடந்தால் பத்திரிகையில் வரப்போவது பாம்புதான், அதை வைத்திருந்த முட்டாள் இல்லை. இவை நல்ல காரணங்கள். இன்றைக்கும் இவற்றில் ஒன்றைக்கூட நான் வாபஸ் வாங்கவில்லை.

முழுவதும் சொல்வதாக ஒத்துக்கொண்டு வந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு தடவை கொண்டுபோனேன். கோடை விழாவில் ஒரு மேஜை போட்டு, என்னுடைய சிவப்புப் பட்டை போட்ட பாம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னிடம் கேளுங்கள்" என்று அட்டையில் எழுதி மாட்டி, காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை நின்றேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அது ரப்பரா என்று கேட்டார். ஒரு அம்மா கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் வழி சொன்னேன். அதற்கடுத்த கூட்டத்தில்தான் பொது இடத்தில் பாம்பு கூடாது என்ற தீர்மானத்தை முதல்முதலாகக் கொண்டுவந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ஷேன் பிக்கெரிங் சங்கத்தில் சேர்ந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். இருபத்தொன்பது வயது. மீன் வறுக்கும் கடையில் வேலை. அவனிடம் டோரிஸ் என்று ஒரு போவா இருந்தது. மலைப்பாம்பு மாதிரி சுற்றி நெரிக்கிற இனம், விஷம் கிடையாது. ஏழடி நீளம், என் முன்கை அளவு பருமன், மழையில் நனைந்த கருங்கல் மாதிரி மினுமினுப்பு. அழகான பிராணி. அதை அவன் கோடைகாலச் சனிக்கிழமைகளில் கோட்டுக்குள் சுற்றிக்கொண்டு கடலோர நடைபாதைக்கு வருவான். வெயில் நன்றாக இருந்தால் மட்டும் வெளியே எடுப்பான். அரைமணி நேரம். அவனைச் சுற்றிக் கூட்டம் கூடும்.

ஒருவரும் அவனிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டதில்லை.

நடைபாதையின் நடுவில், மணலுக்கு இறங்குகிற படிக்கட்டுக்குப் பக்கத்தில், பெரில் டாஃப்ட் டீக்கடை வைத்திருந்தார். அறுபத்தாறு வயது, விதவை. எல்லோரையும் கண்ணு என்பார். பஸ் டிரைவரும் கண்ணு, நானும் கண்ணு, வறுவலைத் திருட வருகிற கடற்பறவையை விரட்டும்போதும் "போ கண்ணு அந்தப் பக்கம்." பதினொரு வருடம் தினமும் காலையில் அவர் கடையில் டீ குடித்திருக்கிறேன். நின்றுகொண்டுதான்; டீ சாப்பாட்டில் சேராது.

பெரிலுக்குப் பாம்பு என்றால் உயிர் போகும். ஷேன் முதல் தடவை வந்த அன்று கடைக் கதவை இழுத்து மூடி உள்ளே உட்கார்ந்துவிட்டார், ஒரு மணி நேரம். எனக்கு அது ஒரு நல்ல சான்றாகத் தெரிந்தது, எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் ஷேன் அடுத்த சனிக்கிழமை பாம்பு இல்லாமல் வந்து மன்னிப்புக் கேட்டான். அதற்கடுத்த வாரம், அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பாம்போடு பத்தடி தள்ளி நின்றான். அதற்கடுத்த வாரம் ஒன்பதடி. இப்படி ஒரு கோடை முழுக்க ஒவ்வோர் அடியாக. கடைசியில் ஒரு நாள் பெரில் ஒரு விரலால் டோரிஸின் முதுகைத் தொட்டார். நான் டீ குடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"வழவழன்னு இருக்கும்னு நெனச்சேன்டா, ஷேன். இது என் பழைய கைப்பை மாதிரில்ல இருக்கு" என்றார்.

அடுத்த கோடையில் டோரிஸைத் தோளில் போட்டுக்கொண்டே டீ ஊற்றினார்.

"கண்ணு, பாருங்க" என்று என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். "நடுங்குதா? ஒரு சொட்டு சிந்தல பாருங்க. என் வீட்டுக்காரர் இருந்திருந்தா நம்பவே மாட்டாரு."

நான் "காற்று அதிகமாக இருக்கிறது, பாம்புக்கு ஆகாது" என்றேன். அன்றைக்குக் காற்றே இல்லை.

இந்த வருடம் மார்ச் மாதக் கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடியும் கொண்டுவந்தேன். உறுப்பினர் எவரும் மூடிய பெட்டியில் அல்லாமல் பாம்பைப் பொது இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது. நாற்பது நிமிடம் பேசினேன். வெப்பநிலை அட்டவணை காட்டினேன். ஷேன் எழுந்து இரண்டு நிமிடம் பேசினான்.

"எனக்கு இவ்வளவு படிப்பு இல்லீங்க. பெரில் அக்காவ உங்களுக்கெல்லாம் தெரியும். மொதல்ல எப்படி இருந்தாங்க, இப்ப எப்படி இருக்காங்க. அவ்வளவுதான் என் பேச்சு" என்று உட்கார்ந்துவிட்டான்.

தீர்மானம் தோற்றது. எதிராகப் பதினொன்று, ஆதரவாக இரண்டு. ஆதரவான இரண்டில் ஒன்று என் கை. மற்றது பிஸ்கட் தட்டைக் கேட்டுத் தூக்கிய கை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் இரண்டு என்றே பதிவு செய்தேன்.

கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது ஷேன் என் பக்கத்தில் வந்தான்.

"ரேமண்ட், கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குப் பிடிக்காதது பாம்ப வெளியே கொண்டு வர்றதா, இல்ல என்னையா?"

"தனிப்பட்ட விஷயம் எதுவும் இல்லை" என்றேன்.

"அப்ப நீங்களும் வாங்களேன். சனிக்கிழமை ஜனங்க கேக்குற கேள்விக்கு பாதி எனக்குப் பதில் தெரியல. என்ன சாப்பிடும், எத்தனை வருஷம் இருக்கும், குட்டி போடுமா முட்டையான்னு கேக்கறாங்க. நான் சும்மா டோரிஸப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன், நீங்க பேசுங்க. உங்க அளவுக்கு யாருக்குத் தெரியும்?"

அவன் உண்மையாகத்தான் கேட்டான். நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். கொள்கை என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன். அந்த இடத்தில் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு நீங்களும் நானும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம். இதை வீட்டில் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். ஆனால் அட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிற வயது எனக்குப் போய்விட்டது.

அதற்குப் பதிலாகக் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். மே மாதத்திலிருந்து ஆறு சனிக்கிழமைகள், எதிர்ப் பெஞ்சில் செய்தித்தாளோடு உட்கார்ந்து, ஷேன் செய்கிற தப்புகளை எழுதலாம் என்று. அவன் கையில் சின்ன வெப்பமானி வைத்திருந்தான். இரை கொடுத்து மூன்று நாள் கழிந்தால்தான் டோரிஸை வெளியே எடுப்பான். தொடுகிறவர்கள் கையைத் துடைக்க ஒரு பாட்டில் வைத்திருந்தான். தன் கையைக் கழுவுவதென்றால், பெரில் கடையின் பின்பக்கக் குழாயில், வாசனையில்லாத சோப்புப் போட்டு, முழங்கை வரை, இருபது விநாடிக்குக் குறையாமல். அறுவைச் சிகிச்சை செய்யப்போகிறவன் மாதிரி. ஆறு வாரமும் பெஞ்சிலிருந்து எழுந்துபோய்ப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

ஆறு வாரத்தில் ஒரு குற்றம்கூடக் கிடைக்கவில்லை. அதனால் ஒன்றை நானே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

இதை நீங்கள் எழுதிக்கொள்ளும் வேகத்துக்கு மெதுவாகவே சொல்கிறேன்.

போவா இரையைக் கண்ணால் மட்டும் தேடுவதில்லை. வாசனை, சூடு, அசைவு, இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்குச் சாப்பாட்டு நேரம். எலியைத் தொட்டுவிட்டுக் கையை நீட்டினால், பத்து வருடம் வளர்த்த பாம்பும் கடிக்கும். அதில் அதன் குற்றம் ஒன்றும் இல்லை. என் பாம்புகளுக்காக நான் தோட்டத்துக் கொட்டகையில் எலி வளர்க்கிறேன். ஜூலை கடைசியில் கடைத்தெருவில் ஒரு பச்சைக் கம்பளி மஃப்ளர் வாங்கினேன். நல்ல கம்பளி. அதை ஒன்பது நாள் எலிக்கூண்டின் அடியில் விரித்து வைத்தேன். பிறகு உதறி, ஒரு மணி நேரம் வெளியே தொங்கவிட்டு, காய்ந்த லாவெண்டர் பூப்பையோடு ஒரு பெட்டியில் வைத்தேன். மனித மூக்குக்கு லாவெண்டர் மட்டும்தான் தெரியும்.

ஏன் பெரில் என்று கேட்கிறீர்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஷேன் தரப்பின் வாதம் முழுக்கப் பெரில்தான். அவனே சொன்னான், அவ்வளவுதான் என் பேச்சு என்று. ஒரு வாதத்தை உடைப்பதென்றால் அதன் பலமான சான்றைத்தான் எடுக்க வேண்டும். வழியில் போகிற யாரையோ டோரிஸ் கடித்தால், அந்த ஆள் பாம்பைச் சீண்டியிருப்பார் என்று பேசுவார்கள். பெரிலைப் பற்றி யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் வேறு ஆளில்லை.

"என்னது கண்ணு இது? எனக்கா?"

"கடலோரம் நாள் முழுக்க நிற்கிறீர்கள். கழுத்துக்கு" என்றேன். வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியம்.

பெரில் அதைப் பிரித்து முகத்தில் வைத்துப் பார்த்தார். "லாவெண்டர் வாசனை" என்றார். கழுத்தில் சுற்றிக்கொண்டார். "முப்பது வருஷமா இந்த எடத்துல டீ ஊத்தறேன். ஒரு கைக்குட்டை கூட யாரும் வாங்கிக் குடுத்ததில்ல. உக்காருங்க கண்ணு, இன்னொரு டீ போடறேன்."

உட்கார்ந்தேன். அவர் தன் மகள் கனடாவில் இருப்பதைப் பற்றிச் சொன்னார். என் பாம்புகளுக்கு என்ன பெயர் என்று கேட்டார். ஒன்பது பெயரையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி, கடலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மறுநாள் காலையில் போய் மஃப்ளரில் ஒரு தையல் விட்டிருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இதுதான். டோரிஸ் தோள் மேலோ கை மேலோ ஒரு கடி கடிக்கும். போவாவின் பல் ஊசி மாதிரி. நிறைய ரத்தம் வரும், ஆழம் இருக்காது. அதிகமாகப் போனால் ஆறு தையல். பிடியை விடாவிட்டால் வாயில் கொஞ்சம் பிராந்தி ஊற்றினால் விட்டுவிடும். பழகினவர்களுக்குத் தெரிந்த விஷயம். அதற்காகக் கோட்டுப் பையில் ஒரு சின்ன பாட்டில் பிராந்தி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மூடியை முன்கூட்டியே தளர்த்தி வைத்திருந்தேன். இந்த ஒன்றே போதும், யாருக்கும் பெரிய தீங்கு வரவேண்டும் என்று நான் நினைக்கவில்லை என்பதற்கு.

சனிக்கிழமை நல்ல வெயில். வெயில் என்பதால் பெரில் மஃப்ளரைப் போடமாட்டாரோ என்று கவலைப்பட்டேன். போட்டிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

"புதுசா அக்கா?" என்று ஷேன் கேட்டான்.

"யாரு குடுத்தான்னு கேளு" என்று சிரித்துக்கொண்டு பெரில் என் பக்கம் கண்ணைக் காட்டினார். ஷேன் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். அவனும் சிரித்தான், நல்ல மாதிரியாக. என் முகம் சூடானது எனக்கே தெரிந்தது.

ஷேன் பின்னாலே போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து டோரிஸை வெளியே எடுத்தான். இருபது முப்பது பேர் கூடினார்கள். பெரில் கைத் துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்து, எப்போதும் போலத் தோளைக் காட்டினார். டோரிஸின் முன்பகுதி அவர் தோளில் இறங்கியதும் நாக்கு வேகமாக வெளியே வந்து வந்து போக ஆரம்பித்தது. கழுத்து ஆங்கில எஸ் எழுத்து மாதிரி மடிந்தது. கூட்டத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஷேன் அப்போது ஒரு பெண்மணியின் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடி தோளில் விழவில்லை. மஃப்ளருக்கு மேலே, தாடையும் கன்னமும் சேர்கிற இடத்தில் விழுந்தது. பிடித்ததும் இரண்டு சுற்று, கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து. பெரில் கத்தவில்லை. கத்துவதற்கு இடம் இல்லை. ஷேன் பாய்ந்து தலைப் பக்கத்தைப் பிடித்து இழுத்தான். அது தப்பு, வால் பக்கமிருந்து பிரிக்க வேண்டும். நிதானமாக இருந்திருந்தால் அவனுக்கே தெரியும். ஜனங்கள் பின்னால் நகர்ந்தார்கள். பெரிலும் பின்னாலேயே நகர்ந்தார், ஒவ்வோர் அடியாக. படிக்கட்டு இருக்கிற இடத்தில் கைப்பிடிக் கம்பி கிடையாது. பதினொரு படி, சிமெண்டு. பாம்போடு சேர்ந்து விழுந்தார்.

நான் இறங்கிப் போய் டோரிஸின் வாயோரத்தில் பிராந்தியை ஊற்றினேன். உடனே விட்டது. வால் பக்கமிருந்து பிரித்து எடுத்தேன். உள்ளூர்ப் பத்திரிகையில், சமயோசிதமாகச் செயல்பட்ட சங்கச் செயலாளர் என்று எழுதினார்கள். படமும் போட்டார்கள். நான் கொஞ்சம் குண்டாகத் தெரிகிறேன்.

ரத்தமாகிவிட்ட மஃப்ளரை அவர் கழுத்திலிருந்து எடுத்து, கழுவித் தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். ஆம்புலன்ஸ்காரர்கள் கூட எனக்கு நன்றி சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். பாதி முகத்துக்குக் கட்டு. பேசுவது கஷ்டமாக இருந்தது, ஆனாலும் பேசினார்.

"அந்தக் கம்பளி மட்டும் இல்லேன்னா கழுத்தே போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு, கண்ணு. அதக் கொண்டு வந்து குடுங்க. பக்கத்துல வெச்சுக்கறேன்."

நான் இரண்டு தடவை துவைத்து, இஸ்திரி போட்டு, லாவெண்டர் வைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"டோரிஸ என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார்.

கால்நடை மருத்துவர் ஊசி போட்டுவிட்டார் என்றேன். ஷேன் தன் மடியிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பதைச் சொல்லவில்லை.

"பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்றார் பெரில்.

ஒன்பதாம் நாள் தலைக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். கனடாவிலிருந்து மகள் வந்திருந்தார். அம்மா கேட்டுக்கொண்டபடி அந்த மஃப்ளரைச் சவப்பெட்டிக்குள் வைத்தே புதைத்தார்கள். ஆகவே உங்களுக்குக் காட்டுவதற்கு என்னிடம் பொருள் எதுவும் இல்லை. என் வார்த்தை மட்டும்தான்.

செப்டம்பர் கூட்டத்தில் என் தீர்மானம் நிறைவேறியது. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அதை வழிமொழிந்தது ஷேன். எழுந்து நின்று, "ரேமண்ட் சொன்னத அன்னைக்கே கேட்டிருக்கணும்" என்றான். உட்கார்ந்துவிட்டான். நான் அதை அப்படியே பதிவு செய்தேன். அக்டோபரில் பக்கத்து ஊர்ச் சங்கங்கள் மூன்று என்னைப் பேசக் கூப்பிட்டன. கூட்டம் நிறைந்திருந்தது. கேள்வி கேட்டார்கள், பதில்களை எழுதிக்கொண்டார்கள். ஒரு ஊரில் கைதட்டி முடிக்க நேரமானது. நான் மேடையில் நின்று பெரிலைப் பற்றி நன்றாகவே பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த நாட்களில் ஒரு தடவை ஷேனைப் போய்ப் பார்த்தேன். வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தான். டோரிஸ் இருந்த கண்ணாடிப் பெட்டியில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"ரேமண்ட், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் அன்னைக்குக் கை கழுவினேனா? கழுவின மாதிரிதான் இருக்கு. ஆனா கழுவியிருந்தா அவ கடிச்சிருக்க மாட்டா. யோசிச்சு யோசிச்சு இப்ப எதுவுமே ஞாபகம் இல்ல."

"ஞாபகத்தை ரொம்ப நம்பக் கூடாது" என்றேன்.

அவன் ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, கழுவவில்லை, என் கவனக்குறைவுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறானாம்.

நான் இங்கே வந்தது அதற்காகத்தான். மனசாட்சி என்று நீங்கள் நினைத்தால், என்னை அளவுக்கு மீறிப் பெருமைப்படுத்துகிறீர்கள். நேற்றுப் பத்திரிகையில் உங்கள் அறிக்கை வந்திருந்தது. உரிமையாளரின் கையில் இரையின் வாசனை இருந்ததே காரணம் என்று போட்டிருக்கிறீர்கள். அது தவறு. அவன் கழுவினான். இருபத்து மூன்று விநாடி. என் புத்தகத்தில் இருக்கிறது, தேதி போட்டு. இருபத்திரண்டு வருடம் பதிவு எழுதியவனால், தவறான ஒரு பதிவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க முடியாது. திருத்திவிடுங்கள். வாசனை மஃப்ளரில் இருந்தது. அதில் அதை வைத்தது நான்.

இவ்வளவுதான் என்று நினைத்தேன். நீங்கள் இப்போது கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டுகிறீர்கள். யாரோ சுற்றுலா வந்தவர் எடுத்தது. இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

ஆமாம், அது நான்தான். சாம்பல் நிறக் கோட்டு. கையில் இருப்பது பிராந்தி பாட்டில்தான், மூடி திறந்திருக்கிறது. பெரிலுக்கும் எனக்கும் நடுவில் நான்கடி இருக்கலாம். கடித்ததிலிருந்து அவர் படியில் விழுகிற வரை நாற்பது விநாடி என்கிறீர்கள். எண்ணியிருப்பீர்கள், சரியாகத்தான் இருக்கும். பயத்தில் உறைந்துபோனேன் என்று ஆகஸ்டில் உங்கள் ஆளிடம் சொன்னேன். அது உண்மையில்லை, எனக்குப் பயமே இல்லை. படத்திலேயே தெரிகிறதே, நான் பெரிலைப் பார்க்கவில்லை. சுற்றி நிற்கிறவர்களின் முகங்களைப் பார்க்கிறேன், ஒவ்வொன்றாக.

யாரைத் தேடினேன் என்று கேட்கிறீர்கள். யாரையும் இல்லை. மார்தோர்ப்பில் பாம்பைப் பற்றி என்னை விட அறிந்தவர் கிடையாது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். இருபத்திரண்டு வருடம். அவர்களில் யாராவது ஒருவருக்கு என் ஞாபகம் வரும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். ஷேன் கத்திக்கொண்டுதான் இருந்தான், ஒலி இருந்தால் உங்களுக்கே கேட்கும். "யாராவது வாங்க, யாராவது வாங்க" என்றுதான் கத்தினான். ரேமண்ட் என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நான் உடனே போயிருப்பேன், மேடம். யாராவது என்பது என் பெயர் இல்லையே.